கல் விடும் மூச்சு

2020ஆம் ஆண்டு அக்டோபர் மாதம் பெரம்பலூர் மாவட்டம் குன்னத்தில் ஒரு பரபரப்பு. அங்கே ஒரு குளத்தில் மண் வெட்டியபோது முட்டை வடிவில் பெரிய பெரிய கல் உருண்டைகள் வெளிப்பட்டன. டைனோசர் முட்டைகள் கிடைத்துவிட்டன என்று செய்தி கைப்பேசிக்குக் கைப்பேசி தாவியது. பின்னர் புவியியல் அறிஞர்கள் விளக்கம் தந்தார்கள். அவை முட்டைகள் அல்ல. அம்மோனைட் என்ற கடல் உயிரினத்தின் எச்சங்களைச் சுற்றிக் கடலடி வண்டல் இறுகித் திரண்ட உருண்டைகள்.

முட்டை இல்லை என்றதும் பலருக்குச் சப்பென்று போய்விட்டது. ஆனால், வாசகர்களே, கிடைத்த செய்தி முட்டையைவிடப் பெரியது. அம்மோனைட் என்பது நத்தை ஓடுபோல் சுருண்ட ஓட்டுக்குள் வாழ்ந்த கடல்வாழ் உயிர். டைனோசர்கள் அழிந்த காலத்தையொட்டி அதுவும் உலகிலிருந்து மறைந்துவிட்டது. அதன் எச்சம் குன்னத்தில் கிடைக்கிறது என்றால், இன்று பருத்தியும் மக்காச்சோளமும் சின்ன வெங்காயமும் விளையும் இந்த மானாவாரி நிலம் ஒரு காலத்தில் கடலடியாக இருந்தது என்று பொருள். அதே மாவட்டத்துச் சாத்தனூரில் 18 மீட்டர் நீளத்துக்குக் கல்லாகிக் கிடக்கும் மரம் ஒன்று உண்டு. 1940இல் இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையைச் சேர்ந்த டாக்டர் எம். எஸ். கிருஷ்ணன் அதைக் கண்டறிந்தார். கரையோரக் காட்டிலிருந்து அடித்து வரப்பட்டு, கடல் வண்டலில் புதைந்து கல்லான மரம் அது. அதன் வயது 12 கோடி ஆண்டுகள் என்று அத்துறை குறிப்பிடுகிறது.

இந்தப் பாறைகளை முதன்முதலில் முறையாக ஆராய்ந்து, உத்தத்தூர், திருச்சிராப்பள்ளி, அரியலூர் என்று மூன்று தொகுதிகளாகப் பிரித்து 1862இல் வெளியிட்டவர் ஹென்றி பிரான்சிஸ் பிளான்போர்டு. இவரைப் பற்றி இன்னொரு சுவையான செய்தி உண்டு. 1875இல் இந்திய வானிலைத் துறை தொடங்கப்பட்டபோது அதன் முதல் தலைவராக அமர்ந்தவரும் இவரேதான். இமயத்தில் பனி மிகுதியாக விழுந்தால் அடுத்து வரும் பருவமழை குன்றும் என்று 1884இல் எழுதியவர். அரியலூர்க் கல்லும் நாட்டின் மழையும் ஒரே மனிதரின் கையில் வந்து சேர்ந்தது தற்செயல்தான். ஆனால் அந்தக் கல்லுக்கும் மழைக்கும் உள்ள உறவு தற்செயலானதன்று. அந்த உறவைத்தான் இக்கட்டுரையில் பார்க்கப் போகிறோம்.

குன்னத்துக்குக் கிழக்கே அரியலூர்ப் பக்கம் போனால் கல்லங்குறிச்சி முதலிய இடங்களில் சுண்ணாம்புக்கல் சுரங்கங்களைக் காணலாம். ஏறத்தாழ 7 கோடி ஆண்டுகளுக்கு முன் அங்கே ஆழமற்ற கடல் இருந்தது. சிப்பிகள் கூட்டங் கூட்டமாக வாழ்ந்து மடிந்தன. அவற்றின் ஓடுகள் அடுக்கடுக்காகப் படிந்து கல்லாயின. ஒரு கல்லை எடுத்து உற்றுப் பார்த்தால் சிப்பியின் வடிவம் உங்கள் கண்ணுக்கே தெரியும்.

அந்த ஓடுகள் எதனால் ஆனவை? கால்சியம் கார்பனேட்டால் ஆனவை. அதிலுள்ள கார்பன் எங்கிருந்து வந்தது? காற்றிலிருந்து. மழைநீர் காற்றிலுள்ள கரியமில வாயுவைக் கரைத்துக்கொண்டு லேசான அமிலமாகிப் பாறைகளைக் கரைக்கிறது. ஆறுகள் அந்தக் கரைசலைக் கடலுக்குக் கொண்டு சேர்க்கின்றன. கடல் உயிர்கள் அதை எடுத்து ஓடாகக் கட்டிக்கொள்கின்றன. சிப்பிகள் வாழ்ந்த அந்த உலகம் இன்றைய உலகத்தைவிட வெப்பமானது. காற்றில் கரியமில வாயு இன்றிருப்பதைவிட அதிகமாக இருந்தது. அந்த வாயுவில் ஒரு பகுதி மிக மெதுவாகக் கல்லாகிப் பூமிக்குள் அடைபட்டது. சுண்ணாம்புக்கல் என்பது பூட்டிவைத்த காற்று எனலாம்.

அந்தப் பூட்டைத் திறக்கும் இடம்தான் சிமெண்டு ஆலை.

ஒரு மூட்டையின் கணக்கு

பழைய திருச்சி மாவட்டத்தில் டால்மியாபுரம் சிமெண்டு ஆலை 1939இல் தொடங்கியது. தமிழ்நாடு அரசின் அரியலூர் ஆலை 1979இல் வந்தது. பிறகு ரெட்டிபாளையம், கோவிந்தபுரம், தளவாய், கீழப்பழுவூர் என்று ஆலைகள் பெருகின. தமிழகத்தில் எங்கே வீடு கட்டினாலும், அந்தக் கலவையில் அரியலூர்ச் சிப்பியின் பங்கு இருக்க நல்ல வாய்ப்புண்டு.

சிமெண்டு செய்யும் முறை பார்வைக்கு எளிது. சுண்ணாம்புக்கல்லுடன் களிமண் முதலியவற்றைச் சேர்த்து மாவாக அரைத்துச் சூடேற்றுகிறார்கள். சுமார் 900 டிகிரி சென்டிகிரேடில் சுண்ணாம்புக்கல் பிரிந்து, சுட்ட சுண்ணாம்பு ஒரு பக்கமும் கரியமில வாயு ஒரு பக்கமும் ஆகிறது. பிறகு சுழலும் நீண்ட சூளையில் 1,450 டிகிரி வரை காய்ச்சுகிறார்கள். சுட்ட சுண்ணாம்பு, களிமண்ணிலிருந்து வந்த சிலிக்காவுடன் கூடி, பாதி உருகிய நிலையில் கோலிக்குண்டு போன்ற கட்டிகளாகத் திரளுகிறது. இதன் பெயர் கிளிங்கர். இதை ஆற்றி, சிறிது ஜிப்சம் சேர்த்து அரைத்தால் சிமெண்டு.

இதில் 900 டிகிரியில் நடக்கும் நிகழ்ச்சியை மட்டும் சற்றுக் கூர்ந்து பாருங்கள். பள்ளி வேதியியல் போதும். கால்சியத்தின் அணு எடை 40, கார்பன் 12, ஆக்சிஜன் 16. மூன்று ஆக்சிஜன் அணுக்களைச் சேர்த்தால் கால்சியம் கார்பனேட்டின் மூலக்கூறு எடை 100. அதில் 56 பங்கு சுண்ணாம்பாக நிற்கும். மீதி 44 பங்கு கரியமில வாயுவாகப் பறந்துவிடும். 100 கிலோ தூய சுண்ணாம்புக்கல்லைச் சுட்டால் 44 கிலோ வாயு. விறகால் சுட்டாலும் நிலக்கரியால் சுட்டாலும் இந்த 44 மாறாது. மாற்றவும் முடியாது.

இப்போது கலப்பு எதுவும் இல்லாத சாதாரண சிமெண்டு 50 கிலோ மூட்டை ஒன்றை எடுத்துக்கொள்வோம். அதில் சுமார் 47½ கிலோ கிளிங்கர். கிளிங்கரில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு சுண்ணாம்பு. அதாவது 31 கிலோ. இதற்கு 55 கிலோ கால்சியம் கார்பனேட் வேண்டும். அதிலிருந்து பறப்பது 24 கிலோ கரியமில வாயு. சூளைக்கு ஒரு கிலோ கிளிங்கருக்கு 750 கிலோ கலோரி வெப்பம் என்று வைத்தால், மூட்டைக்கு ஏழு கிலோ நிலக்கரி எரிய வேண்டும். அதிலிருந்து 14 கிலோ வாயு. அரைக்கவும் மற்ற வேலைகளுக்கும் நான்கு யூனிட் மின்சாரம். அது அனல் மின்சாரமானால் இன்னும் மூன்று கிலோ. ஆக மொத்தம் 41 கிலோ. சிமெண்டின் எடை 50, அது விட்ட மூச்சின் எடை 41!

வாயுவை எடையால் சொன்னால் மனத்தில் நிற்காது. பத்தடிக்குப் பத்தடி அறை, உயரம் எட்டடி. அந்த அறையில் உள்ள காற்றை முழுவதும் வெளியேற்றிவிட்டுக் கரியமில வாயுவை நிரப்பினால், அது ஒரு மூட்டைச் சிமெண்டின் பங்கு. உலகம் ஆண்டுக்கு ஏறத்தாழ 400 கோடி டன் சிமெண்டு செய்கிறது. ஒரு டன்னுக்கு 20 மூட்டை. பெருக்கிப் பார்க்கும் வேலையை உங்களுக்கே விட்டுவிடுகிறேன். மனிதர் வெளியிடும் கரியமில வாயுவில் 100க்கு 7 அல்லது 8 பங்கு சிமெண்டிலிருந்து வருகிறது.

கரியமில வாயு கூடினால் ஏன் சூடு கூடவேண்டும்? சூரிய ஒளி அதனூடே தடையின்றிப் புகுந்துவிடும். சூடான தரை திரும்ப வெளிவிடுவது ஒளியை அன்று, கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்புக் கதிர்களை. இவற்றைக் கரியமில வாயு விழுங்கி, ஒரு பகுதியைக் கீழ்நோக்கித் திருப்பி அனுப்பிவிடுகிறது. ஜான் டிண்டால் 1859இல் இதைச் சோதனைச்சாலையில் அளந்து காட்டினார். 1896இல் ஸ்வீடனின் அர்ரீனியஸ் காகிதத்தில் கணக்கே போட்டுவிட்டார். ஆக இது நேற்று முளைத்த கொள்கை அன்று. தொழிற்புரட்சிக்கு முன் காற்றில் பத்து லட்சத்துக்கு 280 பங்காக இருந்த இந்த வாயு, 1958இல் 315 ஆகி, இன்று 420ஐயும் தாண்டி நிற்கிறது.

சிப்பிகள் வாழ்ந்த காலத்தில் இதைவிட அதிகம் இருந்ததே, உயிர்கள் வாழவில்லையா என்று சிலர் கேட்பார்கள். நல்ல கேள்விதான். வேறுபாடு வேகத்தில் இருக்கிறது. அந்தச் சுண்ணாம்புப் படுகை படிய லட்சக்கணக்கான ஆண்டுகள் ஆயின. இன்றைய ஆலையில் சூளைக்கு முன்னால் உள்ள கோபுரத்தில், கல்மாவு சூடான காற்றில் மிதந்தபடியே ஒருசில விநாடிகளில் தன் வாயுவின் பெரும்பகுதியை விட்டுவிடுகிறது. கட்டியது லட்சம் ஆண்டில், பிரிப்பது விநாடியில். உயிர்களும் பயிர்களும் ஈடுகொடுக்க முடியாதது இந்த வேகத்துக்குத்தான். காற்று ஒரு டிகிரி சூடேறினால் அது தாங்கும் நீராவி சுமார் 7 விழுக்காடு கூடும். ஆகவே பெய்தால் கொட்டித் தீர்க்கும். பெய்யாதபோது மண்ணின் ஈரத்தை இன்னும் வேகமாக உறிஞ்சும். கிணற்றுப் பாசனம் இல்லாத குன்னத்து மானாவாரி விவசாயிக்கு இரண்டுமே நட்டம். இதுதான் கல்லுக்கும் மழைக்கும் உள்ள உறவு.

சூரியனைக் கொண்டு சுட்டால்?

நிலக்கரியை நிறுத்திவிட்டுச் சூரிய சக்தியால் சூளையை எரித்தால் என்ன? மாணவர்கள் முதலில் கேட்கும் கேள்வி இது. கணக்கைப் போட்டுப் பார்ப்போம்.

ஒரு நாளைக்கு 3,000 டன் கிளிங்கர் செய்யும் நடுத்தர ஆலையை எடுத்துக்கொள்ளுங்கள். அதற்கு வேண்டிய வெப்பத்தை யூனிட்டாக மாற்றினால் நாளொன்றுக்குச் சுமார் 26 லட்சம் யூனிட். ஒரு சதுர மீட்டர் சூரியத் தகடு நம் ஊர் வெயிலில் நாளொன்றுக்கு ஏறத்தாழ ஒரு யூனிட் தரும். ஆகவே 26 லட்சம் சதுர மீட்டர் தகடு வேண்டும். இது 640 ஏக்கர். ஒரு தகட்டின் நிழல் இன்னொன்றின்மேல் விழாமல் இடைவெளி விட்டு, பாதையும் விட்டால் நிலத்தின் அளவு மூன்று நான்கு மடங்காகும். சூளையை இரவில் அணைத்துக் காலையில் மூட்ட முடியாது; உள்ளே பதித்த செங்கல் விரிசல் விட்டுவிடும். ஆகவே இரவுக்கும் சேமிக்க வேண்டும். இத்தனையும் ஒரே ஓர் ஆலைக்கு.

முடியாத காரியம் என்று நான் சொல்லவில்லை. ஆடிகளால் வெயிலைக் குவித்து 2022இல் ஸ்பெயின் நாட்டில் சோதனை அளவில் கிளிங்கர் செய்தே காட்டிவிட்டார்கள். ஆனால் மேலே போட்ட மூட்டைக் கணக்கை மீண்டும் பாருங்கள். 41 கிலோவில் எரிபொருளின் பங்கு 14. மின்சாரத்தின் பங்கு 3. கல்லின் பங்கு 24. சூரியனைக் கொண்டுவந்து நிறுத்தினாலும் அந்த 24 அப்படியே நிற்கிறது. மின் நிலையத்துக்கும் காருக்கும் எரிபொருளை மாற்றினால் போதும். சிமெண்டுக்கு அது போதாது. தொழில் நாகரிகத்தின் எதிர்காலத்தைப் பற்றிப் பேசுவோர் பலரும் மின்சாரத்தோடு நின்றுவிடுகிறார்கள் என்பது என் குறை.

அப்படியானால் வரும் வாயுவைப் புகைபோக்கியிலேயே பிடித்துவிடலாமே? இதற்கும் அரியலூரிலேயே எடுத்துக்காட்டு உண்டு. ஆண்டுக்கு ஐந்து லட்சம் டன் கரியமில வாயுவைப் பிடிக்கும் நிலையம் ஒன்றை அரியலூர் ஆலையில் அமைக்க டால்மியா நிறுவனம் 2019இல் ஒரு பிரிட்டிஷ் நிறுவனத்துடன் ஒப்பந்தம் அறிவித்தது. நார்வேயில் பிரெவிக் என்னும் ஊரின் சிமெண்டு ஆலையில் ஆண்டுக்கு நான்கு லட்சம் டன் பிடிக்கும் நிலையம் 2025இல் திறக்கப்பட்டது. பிடித்த வாயுவைத் திரவமாக்கிக் கப்பலேற்றி, கடலடிப் பாறைக்குள் செலுத்துகிறார்கள். அந்த ஆலை விடும் வாயுவில் பாதிதான் இப்படி அடைபடுகிறது.

பிடிக்கும் முறை இது: ஒருவகை அமீன் கரைசல் வழியாகப் புகையைச் செலுத்தினால் கரியமில வாயு மட்டும் கரைந்துகொள்ளும். பிறகு கரைசலைக் கொதிக்கவைத்து வாயுவைத் தனியே பிரித்தெடுத்து, கரைசலை மறுபடி பயன்படுத்தலாம். தொல்லை இந்தக் கொதிக்கவைப்பதில் இருக்கிறது. ஒரு டன் வாயுவைப் பிரிக்க ஏறத்தாழ எட்டு லட்சம் கிலோ கலோரி வேண்டும். ஒரு டன் கிளிங்கரைச் சுடுவதற்கே ஏழரை லட்சம்தான்! ஆலையின் வீணாகும் வெப்பத்தில் ஒரு பங்கை இதற்குப் பயன்படுத்தலாம் என்றாலும், வாயுவை முழுவதும் பிடிக்கப் புறப்பட்டால் எரிபொருள் தேவை இரட்டிப்பை நெருங்கும். காற்றைக் காப்பாற்ற ஆற்றல் வேண்டும். இங்கேதான் நம் கட்டுரையின் இரண்டாவது கயிறு வந்து முடிச்சுப் போடுகிறது.

கிணறும் நிலக்கரியும்

ஆற்றல் குறைகிறது என்றால் நிலக்கரி நாளையே தீர்ந்துவிடும் என்று பொருளன்று. நம் நாட்டின் நிலக்கரி உற்பத்தி 2024-25இல் 100 கோடி டன்னைத் தாண்டியது. குறைவது வேறொன்று. அதைப் பெரம்பலூர் விவசாயிக்கு விளக்கத் தேவையே இல்லை. அவர் அதைத் தம் கிணற்றில் பார்த்தவர்.

ஆயிரம் லிட்டர் நீரை நூறடி ஆழத்திலிருந்து தூக்க, பம்பில் இழப்பே இல்லை என்று வைத்தாலும், 0.08 யூனிட் வேண்டும். நீர்மட்டம் இறங்கி ஆயிரம் அடிக்குப் போனால் 0.8 யூனிட். கிடைக்கும் நீர் அதே ஆயிரம் லிட்டர்தான். செலவு பத்து மடங்கு. கிணறு வற்றவில்லை, ஆனால் இலாபம் வற்றிவிட்டது. எரிபொருளும் இப்படித்தான். எடுத்த ஆற்றலில் எடுப்பதற்கான செலவைக் கழித்தால் மிஞ்சுவதே சமுதாயத்துக்கு. மேலாக, கெட்டியாக, அருகில் இருப்பதை முதலில் எடுத்துத் தீர்த்துவிடுகிறோம். ஆழத்தில், மட்டமாக, தொலைவில் உள்ளதே பின்னால் வருகிறவர்களுக்கு எஞ்சுகிறது.

நெய்வேலியில் ஒரு டன் பழுப்பு நிலக்கரியை எடுக்கப் பல டன் மண்ணை வெட்டித் தள்ளவேண்டும். அடியிலிருந்து பீறிடும் நீரையும் இரவு பகலாக இறைக்க வேண்டும். எடுத்த கரியிலும் ஏறத்தாழ பாதி ஈரம். அரியலூர் மாவட்டம் ஜெயங்கொண்டத்திலும் பழுப்பு நிலக்கரி உண்டு. 1990களில் அனல் மின் திட்டத்துக்கென்று அங்கே விவசாயிகளிடமிருந்து நிலம் எடுக்கப்பட்டது. இழப்பீட்டு வழக்குகள் ஆண்டுக்கணக்கில் நடந்தன. திட்டம் நடக்கவேயில்லை, இறுதியில் கைவிடப்பட்டது. பூமிக்குள் இருக்கிறது என்பதும் கைக்குக் கிடைக்கும் என்பதும் ஒன்றல்ல என்பதற்கு இதைவிட அருகில் சான்று தேடவேண்டியதில்லை.

இதில் அவசரப்பட்டு ஆரூடம் சொல்லக் கூடாது என்பதற்கும் சான்று உண்டு. 1956இல் ஹப்பர்ட் என்ற அமெரிக்கப் புவியியலார், தம் நாட்டு எண்ணெய் உற்பத்தி 1970ஐ ஒட்டி உச்சத்தை எட்டி இறங்கும் என்றார். 1970இல் அப்படியே இறங்கியது. ஆனால் பாறையை நீரழுத்தத்தால் பிளந்து எடுக்கும் முறை வந்ததும், 2018 வாக்கில் அந்தப் பழைய உச்சத்தையும் தாண்டிவிட்டது. எண்ணெய் இருந்தது, அதைப் பெறக் கூடுதல் துளையும் நீரும் இயந்திரமும் செலவிட வேண்டியிருந்தது. சூரியத் தகடு இதற்கு நேர்மாறான நம்பிக்கையைத் தருகிறது. தன்னைச் செய்வதற்கு ஆன ஆற்றலை நம் வெயிலில் ஒன்றிரண்டு ஆண்டுகளில் திருப்பித் தந்துவிடும். ஆனால் அந்தத் தகட்டை நிறுத்தும் தூணுக்கு அடியிலும், காற்றாலைக் கோபுரத்துக்கு அடியிலும் கான்கிரீட்தான் போடவேண்டியிருக்கிறது.

சாம்பலும் களிமண்ணும்

ஆகவே கிளிங்கரையே குறைப்பதுதான் இன்று கையில் உள்ள நேர்வழி. இது புதிதன்று. கடையில் கிடைக்கும் சிமெண்டில் பெரும்பகுதி இன்று கலப்புச் சிமெண்டு. அனல் மின் நிலையப் புகையில் பறக்கும் நுண்சாம்பலை 100க்கு 35 பங்கு வரை கலக்கலாம். சாம்பலில் உள்ள சிலிக்கா, சிமெண்டு நீரோடு சேரும்போது உண்டாகும் சுண்ணாம்புடன் கூடித் தானும் இறுகும். முப்பது பங்கு சாம்பல் கலந்தால் மூட்டைக்கு 41 கிலோ என்பது 29 கிலோ ஆகிவிடும். இரும்பு உலையின் கசடையும் இதேபோல், இன்னும் அதிகமாகவே, சேர்க்கலாம்.

இதில் ஒரு வேடிக்கை இருப்பதைக் கவனித்தீர்களா? சாம்பல் நிலக்கரியிலிருந்து வருகிறது; கசடு நிலக்கரியால் எரியும் இரும்பு உலையிலிருந்து வருகிறது. நிலக்கரியை விட்டொழித்தால் சிமெண்டைத் தூய்மையாக்கும் இந்த இரண்டு பொருள்களும் கூடவே போய்விடும். ஒரு தொழிலின் கழிவு மற்றொரு தொழிலின் மூலப்பொருளாகப் பின்னிக் கிடக்கும்போது, ஒரு நூலை மட்டும் தனியே உருவ முடிவதில்லை.

அதனால்தான் களிமண்ணின்மீது இப்போது கவனம் திரும்பியிருக்கிறது. கயோலின் வகைக் களிமண்ணை 700 முதல் 850 டிகிரி வரை சுட்டால் அதன் படிக அமைப்பு குலைந்து, சாம்பலைப்போலவே சுண்ணாம்புடன் கூடும் தன்மை பெறுகிறது. களிமண்ணில் கார்பனேட் இல்லை. ஆகவே சுடும்போது பிரிவது வெறும் நீராவி. பாதி கிளிங்கர், 30 பங்கு சுட்ட களிமண், 15 பங்கு சுடாத சுண்ணாம்புக்கல் தூள், 5 பங்கு ஜிப்சம் என்ற கலவை நன்றாக இறுகுகிறது. சுவிட்சர்லாந்து, கியூபா நாடுகளின் ஆய்வாளர்களும், நம் நாட்டில் டெல்லி, சென்னை ஐ.ஐ.டி.க்களும் இதில் உழைத்திருக்கிறார்கள். இந்தியத் தர நிர்ணய அமைப்பு 2023இல் இதற்குத் தனித் தரமே வகுத்துவிட்டது. கரியமில வாயு மூன்றில் ஒரு பங்குக்கு மேல் குறையும். அந்தச் சுடாத 15 பங்கு சுண்ணாம்புக்கல் தன் மூச்சை விடாமலே சுவருக்குள் போய்விடுகிறது என்பதைக் கவனியுங்கள்.

பழைய சுண்ணாம்புக் காரைக்கே திரும்பிவிடலாம் என்று சொல்வோரும் உண்டு. ரஞ்சன்குடிக் கோட்டை சிமெண்டு இல்லாமல்தானே நிற்கிறது என்பார்கள். காரையிலும் கல்லைச் சுடும்போது அதே 44 பங்கு வாயு பறக்கிறது. ஆனால் காரை இறுகுவதே காற்றிலிருந்து அந்த வாயுவைத் திரும்ப எடுத்துக்கொண்டுதான். கடனைத் திருப்பிக் கட்டும் பொருள் அது. கான்கிரீட்டும் ஓரளவு கட்டுகிறது, பல பத்தாண்டுகளில். ஆனால் அப்படி வாயு உள்ளே புகப் புக, கம்பியைத் துருவிலிருந்து காக்கும் காரத்தன்மை போய்விடும். காரை பூச்சுக்கும் தாழ்ந்த சுவருக்கும் நல்லது. இருபதடி அகலத் தளத்தைத் தாங்காது. பழைமையின் மேலுள்ள அன்பால் பாலம் கட்ட முடியாது.

மிச்சமிருப்பது, எதற்குச் சிமெண்டு செலவாகிறது என்ற கேள்வி. இந்தியா ஆண்டுக்கு 40 கோடி டன்னுக்கு மேல் செய்கிறது. தலைக்குச் சுமார் 300 கிலோ. சீனா தன் உச்ச ஆண்டுகளில் தலைக்கு 1,700 கிலோவுக்கும் மேல் செய்தது. ஆகவே நம்மைப் பார்த்து நிறுத்து என்று யாரும் சொல்ல முடியாது. கூரை வீடுகளை மாற்றித் தமிழக அரசு 2024இல் தொடங்கிய கலைஞரின் கனவு இல்லம் திட்டத்தில் ஒரு வீடு 360 சதுர அடி. சதுர அடிக்கு 0.4 மூட்டை என்ற கொத்தனார் கைக்கணக்குப்படி 144 மூட்டை. சாம்பல் கலந்த சிமெண்டானால் வெளிவரும் வாயு நான்கு டன்னுக்குச் சற்று மேல். சராசரி இந்தியர் இருவரின் கணக்கில் ஓராண்டில் வெளிவரும் அளவு இது. ஐம்பது ஆண்டு ஒரு குடும்பம் மழைக்கு ஒதுங்க இது அதிகமா? அல்ல என்பது என் கருத்து. அதே கணக்கை, வீட்டைச் சுற்றி ஒரு சாண் மண்கூடத் தெரியாமல் தளம் பூசிவிட்டுப் பிறகு கிணற்றில் நீரில்லை என்று தவிக்கும் வீட்டு முற்றத்துக்கும் போட்டுப் பாருங்கள். விடை வேறாக வரும். ஆற்றல் மலிவாக இருந்தவரை இந்தக் கேள்வியைக் கேட்காமலே காலம் தள்ளிவிட்டோம். இனி விலை கேட்க வைக்கும்.

அடுத்த முறை மூட்டை வாங்கும்போது அதன்மேல் அச்சிட்டிருக்கும் எண்ணைப் படியுங்கள். ஐ.எஸ். 269 என்றால் கலப்பில்லாச் சிமெண்டு. 1489 என்றால் சாம்பல் கலந்தது. 455 என்றால் இரும்புக் கசடு. 18189 என்றிருந்தால் அது சுட்ட களிமண் வகை. கலப்புச் சிமெண்டு மட்டம் என்று சில கொத்தனார்கள் சொல்வதற்குக் காரணம் ஒன்றுதான்: அது மெதுவாக இறுகும். கலப்பில்லாததற்குக் குறைந்தது ஏழு நாள் ஈரம் காக்க வேண்டும். இதற்குக் குறைந்தது பத்து நாள் வேண்டும். குன்னம் பக்கத்துக் கோடையில் அந்தக் கூடுதல் நாள்களின் தண்ணீருக்கு வழி செய்துகொண்டு வேலையைத் தொடங்குங்கள். தளத்தின்மேல் பாத்தி கட்டி நீர் நிறுத்தலாம். சுவர்களுக்கு ஈரச் சாக்கைப் போர்த்தினால் தெளிக்கும் நீரில் பெரும்பகுதி மிச்சமாகும்.